வடிவின் குரலைச் சாப்பிட்ட ஊர்

செண்பகவடிவின் பதினாறாம் நாள் விசேஷத்தில் ஊரே சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாள் காலை, ஆலடிப்பேட்டை மேலத்தெருவில் பால் ஊற்ற வந்த சங்கரபாண்டி, நாயகம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, மணியடித்து, "பால்" என்று சொல்ல வாயைத் திறந்தார். "அன்பார்ந்த தாய்மார்களே, ஆடி மாதம் முழுவதும் அதிரடித் தள்ளுபடி, முத்துமாலை ஜவுளிக்கடையில், பட்டு, பருத்தி, பாவாடை, தாவணி, வாங்க, வந்து பார்த்துட்டுத்தான் போங்களேன்" என்று வடிவின் குரல் அந்த வாயிலிருந்து வந்தது. பின்னால் நாதஸ்வரம்கூடக் கேட்டது. எல்லாம் முடிந்ததும் சங்கரபாண்டி ஒரு செருமல் செருமிவிட்டு, "பால் அண்ணாச்சி" என்றார் சொந்தக் குரலில். நாயகம் பாத்திரத்தை நீட்டினார். "பருத்திங்கிற எடத்துல மைக்கு வெடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

அவர் அப்படிப்பட்ட மனுஷன். பெண்டாட்டி போய்ச்சேர்ந்து இன்னும் வாசலில் கட்டிய பந்தலைப் பிரிக்கவில்லை, அவள் குரல் பால்காரர் வாயில் வந்து நிற்கிறது, அதிலும் அவர் காது குற்றம்தான் தேடியது. அந்தக் காதைக் குறை சொல்லியும் பயனில்லை, அதை வைத்துத்தான் அவர் பிழைத்தார்.

வீட்டின் முன்னறையில் தெர்மோகோலும் பழைய மெத்தையும் அடித்து, நடுவில் ஒரு கண்ணாடி வைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடிவும் மைக்கும், இந்தப் பக்கம் நாயகமும் மிஷினுமாக நடந்தது நாயகம் ஒலிப்பதிவகம். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் போகும் எந்த அறிவிப்பும் அந்த வட்டாரத்தில் வடிவு குரல்தான். நகைக்கடைத் திறப்பு விழா, கோயில் கொடை, ஓட்டுக் கேட்பது, போலியோ சொட்டு மருந்து, பழைய இரும்பு எடைக்கு எடுப்பது, நாளைக்குத் தண்ணீர் வராது, இன்னார் இயற்கை எய்தினார், எல்லாம் அவள் சொன்னால்தான் ஊருக்கு நடந்த மாதிரி. போன கோடையில் தண்ணீர் வரும் என்று தொட்டி ஆபரேட்டரே நேரில் வந்து சொன்னபோதுகூட, "வடிவக்கா இன்னும் சொல்லலியே" என்று பெண்கள் குடத்தை எடுக்காமல் இருந்தார்கள்.

அவள் வாயில் வராத பேர் ஒன்றே ஒன்றுதான், அது புருஷன் பேர். தில்லைநாயகம் என்ற முழுப்பேரை எழுதிக் காட்டுவாள், ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள், வீட்டில் "இங்கேருங்க" என்பாள். இந்தக் காலத்தில் இதெல்லாம் என்ன என்று சின்னப் பெண்கள் கேலி செய்தால், "வர மாட்டேங்குதே, என்ன செய்ய" என்று சிரிப்பாள். அதனால் ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் "ஒலிப்பதிவு, நாயகம்" என்கிற ரெண்டு வார்த்தையை மட்டும் நாயகமே தன் கரகரத்த தொண்டையில் சொல்லி ஒட்ட வேண்டியிருந்தது. அத்தனை நேரம் தேனாக ஓடிவிட்டுக் கடைசியில் கல் தட்டுகிறது என்று ஊரே சொல்லும்.

கம்ப்யூட்டர் ஒருநாள் பாதியில் நின்றுபோய், பிறகு மனசு மாறி ஓடியபோதுதான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த எபநேசர் அவரை உட்காரவைத்துப் புத்தி சொன்னான். "அண்ணாச்சி, எதுக்கும் மூணு காப்பி இருக்கணும். அதுல ரெண்டு வேற வேற சாதி சாமான்ல இருக்கணும். ஒண்ணு இந்த ஊர்லயே இருக்கப்படாது. வெள்ளம் வந்தாலும் தீப்பிடிச்சாலும் அது ஒண்ணு பொழச்சுக் கெடக்கும்லா." பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். ரெண்டு டிஸ்க் போட்ட பெட்டி இருக்கிறது, ஒன்று செத்தாலும் இன்னொன்று பேசும். கைக்கடக்கமான ஒற்றை டிஸ்க் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இணையத்தில் ஏற்றி வைக்கலாம், மெதுவாகத்தான் ஏறும், ஏறிவிட்டால் கவலை இல்லை. பென் டிரைவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"இணையத்துலன்னா எங்க இருக்கும்?"

"எங்கயோ ஒரு ஊர்ல, பெரிய கட்டடத்துல."

"எம் பொண்டாட்டி குரலக் கொண்டுபோய் எவன் கட்டடத்துலயோ வைக்கச் சொல்லுதியா?" என்று நாயகம் எழுந்துகொண்டார். ரெண்டு டிஸ்க் பெட்டி மேஜையில் இடத்தை அடைக்கும் என்று அதையும் விட்டார். கறுப்பாக, பனங்கற்கண்டு டப்பா அளவுக்கு இருந்த ஒற்றை டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்தார்.

அதோடு நின்றாரா என்றால் இல்லை. நகையை லாக்கரில் வைத்தபிறகு அதே நகையைப் பீரோவிலும் வைப்பார்களா என்பது அவர் கட்சி. அறிவிப்புகளையெல்லாம் புது டிஸ்குக்கு ஏற்றிவிட்டு, ஏற்றியதைக் கம்ப்யூட்டரில் துடைத்தார். காப்பி எடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். செய்தது வீடு மாற்றிய வேலை. ஏற்றி ஏற்றி, தேர்தல் ஃபோல்டர் வரும்போது டிஸ்க் நிறைந்துவிட்டது. எதையாவது கழிக்க வேண்டும். கண்ணில் பட்டது, ஏற்கெனவே டிஸ்கில் ஏறியிருந்த 'சும்மா' என்று பேர்போட்ட ஃபோல்டர்.

பதிவு தொடங்கும் முன் வடிவு மைக்கில் தொண்டையைச் சரிசெய்வது, வரியைத் தப்பாகப் படித்துச் சிரிப்பது, அவர் டீ குடிக்கப் போன நேரம் மிஷின் ஓடுகிறது என்று தெரிந்தும் தெரியாமலும் எதையோ பேசிக்கொண்டிருப்பது, இப்படி வேலைக்கு ஆகாத துண்டுகளையெல்லாம் கேட்டும் பார்க்காமல் வெட்டி அதில்தான் போட்டு வந்தார். வருஷக்கணக்கில் சேர்ந்து கிடந்தது.

வடிவு அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து பின்னால் நின்றாள். "அத ஏன் அழிக்கிய? அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே."

"வேலைக்கு ஆகாதது, எடத்த அடைக்குது."

"ஆமா, வேலைக்கு ஆகாதுதான்" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். நாயகம் அழித்தார். தேர்தல் ஏறிக்கொண்டது.

கார்த்திகையில் அவள் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. சாவுச் செய்தி சொல்ல ஆட்டோ வந்து வாசலில் நின்றபோது, எந்தக் குரலில் சொல்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. வேறு யார் சொன்னாலும் ஊர் நம்பாது. ஆகவே நாயகம் மிஷின் முன்னால் உட்கார்ந்து, பழைய இரங்கல் செய்தியில் 'இயற்கை எய்தினார்' எடுத்து, அம்மன் கோயில் நன்கொடையாளர் வரிசையில் 'செண்பகவடிவு' எடுத்து, ஒட்டி, ஒட்டியது தெரியாமல் இழைத்துக் கொடுத்தார். வடிவு தன் சாவைத் தானே நாலு தெருவுக்கும் சொல்லிக்கொண்டு போனாள். ஜன்னலில் நின்று கேட்ட நாயகம், ஒட்டு சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்து அவர் பிற்பாடு கூசிய கூச்சத்துக்கு அளவில்லை.

அந்த வாரமே மழை பிடித்து, கால்வாய் உடைந்து, முன்னறைக்குள் தண்ணீர் வந்தது. மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்த டிஸ்க் நனைந்தது. செல்போன் தண்ணீரில் விழுந்தால் ஊரில் எல்லோரும் செய்வதையே நாயகமும் செய்தார்: அதை அரிசிக்குள் புதைத்தார். விசேஷத்துக்கென்று அவர் அக்கா ஆவுடையம்மாள் அரிசி வாங்கிக் கொட்டியிருந்த பெரிய டிரம், அதன் அடிவரைக்கும் கையை விட்டு வைத்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

விசேஷத்தன்று காலை, துக்கம் கேட்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், "இந்தா வந்துட்டேன்" என்று எபநேசர் கடைக்குப் போனவர், மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் டிஸ்க் நனைந்த கதையைச் சொன்னார். அவன் கேட்டதும் தலையில் கை வைத்தான். "அரிசியிலயா போட்டிய? அதுல உள்ள தவிடும் தூசும் உள்ள போயிருமே அண்ணாச்சி. ஒடனே எடுத்துட்டு வாங்க. அழிச்சதுகூட ஒண்ணு ரெண்டு கெடைக்கும். அழிச்சது சட்டுனு போயிராது, அடியிலதான் கெடக்கும்." நாயகத்துக்கு அப்போதுதான் 'சும்மா' ஞாபகம் வந்தது. ஏன் அதற்குமுன் வரவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. ஓடினார்.

வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. டிஸ்க் ஜன்னல் கட்டையில் வெயில் காய்ந்தது. "அரிசிக்குள்ள கெடந்துது, உன் சாமானா அது?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள். "காக்காய்க்குச் சோறு வைக்க உன்னத் தேடுனோம், ஆளக் காணும். நாந்தான் வச்சேன். வரவே மாட்டேன்னுட்டு. பெறவு ஒரு காக்கா வந்து தின்னுட்டுப் போச்சு. இல போடட்டா?" பசிக்கவில்லை என்றார் நாயகம். அவருக்கு எடுத்து வைத்த சோற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார். டிஸ்கைச் செருகிப் பார்த்தால், கடையிலிருந்து வாங்கி வந்த அன்று இருந்த மாதிரி வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

மறுநாள் பால்காரரில் தொடங்கியது ஊர் முழுக்கப் பரவியது. தொட்டி ஆபரேட்டருக்குப் பொருத்தமாகத் தண்ணீர் அறிவிப்பே வாய்த்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு, அவர் ஆயுளுக்கும் ஓட்டுப்போடாத கட்சியின் பிரச்சாரம் வாய்த்து, பிரதோஷத்தன்று கோயில் வரிசையில் நின்று "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று கும்பிட்டபடி சொன்னார். கல்யாணப் பேச்சுக்குப் போன இடத்தில் ஒருவர் வாயிலிருந்து பழைய இரும்பு, தகரம், ஈயம், பித்தளை வந்தது. பெண் வீட்டார் அதைக் கேட்டுச் சிரித்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஒருவரும் பயப்படவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. வடிவக்கா சோறு, அதனால் வடிவக்கா பேசுகிறாள் என்பதோடு விட்டுவிட்டார்கள். பேசும்போது நாக்கில் கற்கண்டு வைத்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

சீக்கிரமே இன்னொன்றும் தெரிந்தது: ஒருதரம் முழுதாகச் சொல்லி முடித்தால், அது அந்த ஆளை விட்டுப் போய்விடுகிறது, திரும்ப வருவதில்லை. முத்துமாலை ஜவுளிக்கடை முதலாளி பால்காரரோடு சண்டைக்கே வந்துவிட்டார். "ஆடித் தள்ளுபடிய மார்கழியில எவம்லே பேசச் சொன்னான்?" தன் தீபாவளி அறிவிப்பு மூட்டை தூக்கும் ஆளிடம் இருக்கிறது என்று, அவன் முனகிய மெட்டை வைத்துக் கண்டுபிடித்து, அவனை ஜவுளி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் உட்காரவைத்து வாயில் துண்டைக் கட்டிவிட்டார். எபநேசரின் கணக்கு ஊருக்கே மனப்பாடமாயிற்று. ஒரே ஆளிடம் இருப்பது ஆபத்து என்றார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன பையனிடம் இருப்பதே நல்லது, வெள்ளம் வந்தாலும் அவன் பிழைத்துக் கிடப்பான் என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, பெட்டி நல்லதா, இணையம் நல்லதா, மனுஷன் நல்லதா என்று பேசிப்பேசி, மனுஷன்தான் மோசம், வாயை மூட மாட்டான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

நாயகம் கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். போய் உட்கார்ந்து, அவர்களை வேறு எதையாவது பேசவைத்து, அசந்த நேரத்தில் வடிவு வெளியே வர, பதிவு செய்தார். இந்தத் தடவை எபநேசர் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். ரெண்டு டிஸ்க் பெட்டி வைத்தார், இணையத்தில் ஏற்றினார், மதுரையில் இருந்த அக்கா மகன் வீட்டில் ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார். தையும் மாசியுமாகச் சேர்த்து, நகையும் ஜவுளியும் கொடையும் இரங்கலும் ஏறக்குறைய எல்லாம் திரும்பிவிட்டது. எபநேசர் கைகொடுத்தான்.

நாயகம் மட்டும் தெளியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எழுந்திருக்கும்போது, "வேற எதுவும் வரலியா? சிரிப்பு, இருமல், சும்மா பேச்சு, இந்த மாதிரி" என்று கேட்டார். யாருக்கும் வரவில்லை. அந்தச் சோற்றைச் சாப்பிடாத ஆள் ஊரில் தான் ஒருவன்தான் என்பது அவரைத் தின்றது. தன் இலையில் இருந்த குரல் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், குக்கர் விளம்பரமாக வந்து முடிந்தது.

ஒருநாள் மத்தியானம் அக்காவிடம் சோறு வாங்கித் தின்னும்போது அவரால் முடியவில்லை. "அந்த சும்மாவ அழிச்சிருக்கப்படாதுக்கா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

ஆவுடையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்குள்ளதானலே உம்பேரச் சொல்லி வச்சிருந்தா."

"எம்பேரயா?"

"ஒருதரம் எங்கிட்டச் சொன்னா. மைனி, மைக்குட்ட மட்டும் வருது, ஆளுட்ட வர மாட்டேங்குதுன்னா. டீ குடிக்கப் போற நேரம் சொல்லிப் பாத்திருக்கா. என்னைக்காவது கேப்பாவல்லா, கேட்டா கேக்கட்டும்னு சிரிச்சா. நீ கேட்டிருப்பன்னுல்லா நான் நெனச்சேன்."

நாயகம் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். கை காய்ந்தபிறகு கேட்டார்: "அன்னைக்கு டிரம்முல அடியில உள்ள அரிசி யாருக்குப் போச்சு?"

அக்கா யோசித்தாள். யோசித்தவள் முகம் மாறியது. "படையலுக்கு. கை படாத அரிசி வேணும்னு அடியில கைய விட்டு எடுத்து, தனியாப் பொங்கினேன். காக்கா தின்னுச்சே, அந்தச் சோறு."

அதற்குப் பிறகு ஊர் காக்கையைத் தேடியது. எல்லாக் காக்கையும் ஒரே மாதிரிதானே என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது பேசத் தொடங்கியிருந்தது. குளத்துக்கரையில் ஆடு மேய்ப்பவர் வந்து, பனை உச்சியில் வடிவக்கா சிரித்ததாகச் சொன்னார். நாயகம் ஓடினார், பனைதான் நின்றது. அரிசி ஆலைக் கூரையில் ஒரு இருமல். ரேஷன் கடை வரிசைக்கு மேலே, கம்பியில் உட்கார்ந்து, "இந்தா, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாரேன்". ஒவ்வொன்றுக்கும் ஓடினார், ஒவ்வொன்றும் அவர் போவதற்குள் சொல்லி முடிந்து தீர்ந்துபோனது. எது போனது, எது மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. வயல் நடுவில் ஆளில்லாத இடத்தில் தன் பேர் ஏற்கெனவே போய்விட்டதோ என்று நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஓடுவதை விட்டார். தினமும் காலையில் கை படாத அரிசியில் தனியாகச் சோறு பொங்கி, முன்னறைக்கு வெளியே கைப்பிடிச் சுவரில் தானே வைத்து, ரெக்கார்டரோடு உட்கார்ந்தார். அன்று வைத்திருக்க வேண்டியதை இன்று வைத்தார். காக்கைகள் வந்தன, தின்றன, வெறும் காக்கைகளாகவே போயின.

பங்குனி கடைசியில் ஒரு காலை. அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே டீக்கடை போட்டிருந்த சுப்பக்கனி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சாத்தூரிலிருந்து தையல் மிஷின் கடைக்காரர் ஒருவர், கடைக்கு அறிவிப்பு வேண்டும் என்று அப்போதுதான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் ஒரு காக்கை வந்து இறங்கியது. சோற்றைப் பார்க்கவில்லை. நாயகத்தைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்து, பதிவுக்கு முன்னால் வடிவு செருமுவாளே, அந்தச் செருமலைச் செருமியது.

நாயகம் அவசரமாக ரெக்கார்டரை எடுத்தார். ஆனாலும் அளவு பார்க்காமல் பதிவு செய்வது அவர் பழக்கம் இல்லை. ரெக்கார்டரைத் தயார் நிலையில் வைத்தார். காதை இறுக்கி மூடும் பெரிய ஹெட்போனை மாட்டினார். குனிந்து, சத்தத்தின் அளவைக் காட்டும் சின்ன விளக்குகளைப் பார்த்தார். பச்சை விளக்குகள் மெதுவாக நாலைந்து கட்டம் ஏறின. நல்ல அளவு, வெடிக்கவில்லை, இரைச்சலும் இல்லை. விளக்குகள் இறங்கின. ஏன் எதுவும் கேட்கவில்லை என்று தடவிப் பார்த்தபோது, ஹெட்போன் வயர் செருகப்படாமல் மடியில் கிடந்தது. பதிவைத் தொடங்கும் சிவப்புப் பொத்தானை அவர் இன்னும் அழுத்தியிருக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி நிமிர்ந்தார். சுவரில் சோறு அப்படியே இருந்தது, காக்கை இல்லை. அக்கா கீரையை மடியில் கொட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சுப்பக்கனி கிளாஸை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்து நின்றாள்.

"சொல்லுச்சா?" என்றார் நாயகம்.

"சொல்லுச்சு அண்ணாச்சி" என்றாள் சுப்பக்கனி.

சாத்தூர்க்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இந்த வீடும் தெரியாது, வடிவையும் தெரியாது. "யாரையோ தில்லைன்னு கூப்பிட்டாங்க சார், பொம்பளைக் குரல். இங்க தில்லைன்னு யாரும் இருக்காங்களா?"

ஊருக்கெல்லாம் அவர் நாயகம். தில்லை என்று கூப்பிட்ட அம்மா போய் நாளாகிறது, அக்கா ஒருத்திதான் மிச்சம். வடிவு அதை அக்காவிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

"நாந்தான்" என்றார். பிறகு, "எப்படிச் சொன்னா?" என்று அக்காவைக் கேட்டார்.

"மெதுவா" என்றாள் அக்கா. "கூப்பிட்ட மாதிரி இல்ல. சும்மா சொல்லிப் பாத்த மாதிரி."

"கடைசியில கொஞ்சம் சிரிச்ச மாதிரியும் இருந்துது" என்றாள் சுப்பக்கனி.

மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் வெளியூர். எபநேசர் சொன்ன கணக்குக்கு எந்தக் குறையும் இல்லை. நாயகம் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"பேருக்குப் பெறவு? வேற ஒண்ணும் சொல்லலியா?"

அக்கா மடியில் கிடந்த கீரையைப் பொறுக்கினாள், சுப்பக்கனி கடைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசில் எதுவும் இல்லாத அந்த வெளியூர்க்காரர்தான் சொன்னார்.

"இல்லைங்க. சொல்லிட்டு அது உங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு, கொஞ்ச நேரம். நீங்க மிஷினைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் போயிருச்சு."